மூன்று சென்டிமீட்டர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஒம்போது எட்டு’. முப்பத்தொரு வருடமாக ஒரே பள்ளி, ஒரே இயற்பியல் ஆய்வகம், ஒரே பட்டப்பெயர். தலைமையாசிரியர்கள் ஏழு பேர் வந்து போய்விட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் அசையவில்லை. கையில் இருப்பதை விட்டால் அது கீழே விழுகிறதல்லவா, விழும்போது ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அதுதான் ஒன்பது புள்ளி எட்டு. கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டி, நேரம் பார்த்து, அந்த எண்ணைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதாவது, மண்ணாவது. விடைதான் புத்தகத்திலேயே இருக்கிறதே. எந்த நேரத்தை எழுதினால் ஒன்பது எட்டு வரும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்த நேரத்தை எழுதிவிடுவார்கள். வாத்தியாருக்கும் இது தெரியும். அறுபது நோட்டு திருத்த வேண்டும், மனிதர் என்ன செய்வார், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் ஒன்று, இட்டுக்கட்டிய ரீடிங்கைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “மூணு தடவ ஆட்டினா மூணு தடவையும் ஒரே நேரம் வராதுடா. உன் கை இருக்கு, கண் இருக்கு, காத்து இருக்கு. மூணும் ஒண்ணா இருந்துச்சுன்னா நீ ஆட்டவே இல்லன்னு அர்த்தம்” என்பார். அடுத்த வாரம் பிள்ளைகள் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றி எழுதி வருவார்கள். கையெழுத்து விழும்.

அவர் ஆய்வகத்தில் இன்னொரு சட்டமும் உண்டு, திருப்பி வாசிப்பது. இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். முடிந்ததும் எழுதியவர் ஒவ்வோர் எண்ணாக உரக்க வாசிக்க, சொன்னவர் ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ சொல்ல வேண்டும். ‘சரி’ வாங்காத எண் ரீடிங்கே இல்லை என்பது அவர் கட்சி. செய்முறை நாட்களில் அந்த அறையைக் கடந்து போகிறவர்களுக்கு ஒரே சரி, சரி, சரி என்றுதான் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் நூல். ஆய்வக அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே நீளவாக்கில் கட்டிய ஒரு நூல். செருப்பு தைக்கிற முறுக்கு நூல், இழுத்தாலும் நீளாது. அதில் அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு சென்டிமீட்டரில் மையால் கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் புதிய நூல்களை அதன் பக்கத்தில் வைத்து, அதே இடங்களில் கோடு போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகள் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்; கோடு போட்ட இடத்தைக் கவ்வியில் மாட்டி ஆட்டினால் போதும். ஊசலின் நீளம் என்றால் நூல் மட்டும் இல்லை. நூலுக்குக் கீழே குண்டின் கொக்கி இருக்கிறது, அதற்குக் கீழே குண்டின் நடுப்புள்ளி வரை சேர்க்க வேண்டும். அதனால் தாய் நூலுக்குக் கீழே அவரே ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: ‘கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்த்து அளந்தது.’

அவர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கும்போது, அவர் இடத்துக்கு வரப்போகிற புது டீச்சர் வந்து சேர்ந்தாள். சின்ன வயது, பேச்சு கொஞ்சம், வேலை அதிகம். ஊசல் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தானாகவே நேரம் குறிக்கிற மின்கருவி ஒன்றைப் பள்ளியில் வாங்க வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை மதியம், வகுப்பு இல்லாத நேரம், அதைப் பொருத்தி ஆட்டிப் பார்த்துவிட்டு, அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அறுபது சென்டிமீட்டர்ல ஒம்போது புள்ளி மூணு மூணு வருது.”

“மிஷின சரியா வச்சிருக்க மாட்டீங்க.”

“ஏழு தடவ வச்சேன் சார். நூறுல வச்சா ஒம்போது புள்ளி அஞ்சு ஒண்ணு. நீளம் கூடக் கூட எண்ணும் கூடுது. மிஷின் தப்புன்னா இப்படி ஒழுங்கா தப்பு வராதே.”

ஒன்பது புள்ளி மூன்று மூன்று. அந்த எண்ணை அவர் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். அவர் எழுந்து போய் அளவுகோலை எடுத்துத் தாய் நூலின் பக்கத்தில் வைத்தார். முடிச்சிலிருந்து முதல் கோடு வரை அறுபது. சுத்தமாக அறுபது. ஐம்பத்தேழு இருந்திருக்க வேண்டும். கொக்கிக்கு ஒன்று புள்ளி எட்டு, குண்டின் பாதிக்கு ஒன்று புள்ளி இரண்டு, ஆக மூன்று சென்டிமீட்டரை அவர் சேர்க்கவே இல்லை. அட்டை மட்டும் சேர்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது, முப்பத்தொரு வருடமாக.

எப்படி விட்டுப்போனது என்பதும் அவருக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. முதலில் நூலை அளந்து பென்சிலால் குறி வைத்துக்கொண்டார். பிறகு மூன்று மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மையால் கோடு போடலாம் என்று அட்டையை எழுதி வைத்தார். அப்போது பியூன் மூச்சு வாங்க ஓடிவந்து, “சார், பொண்ணு பொறந்திருக்காம், ஆஸ்பத்திரியில இருந்து போன்” என்றார். மறுநாள் வந்தவர் சந்தோஷத்தில் பென்சில் குறி மேலேயே மையைத் தடவிவிட்டார். அவர் மகளுக்கும் அந்த நூலுக்கும் ஒரே வயது.

“இத்தன வருஷம் யாருமே சொல்லலையா சார்?” என்று புது டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

“ஒருத்தி சொன்னா” என்றார்.

வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அப்பா வேலை பார்க்கும் பள்ளியிலேயே படித்தாள், அவர் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். வாத்தியார் பெண்ணாக இருப்பதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக, மற்றவர்களுக்கு ஒரு கண், அவளுக்கு இரண்டு கண் என்று வைத்திருந்தார். அந்த வருடம் அறுபது நோட்டில் ஐம்பத்தொன்பது நோட்டு ஒன்பது எட்டு என்று சொன்னது. அவளுடைய நோட்டு மட்டும் ஒன்பது மூன்று மூன்று, ஒன்பது நான்கு, ஒன்பது நான்கு ஐந்து என்று ஏறிக்கொண்டே போனது. கீழே நீளம், பக்கவாட்டில் நேரத்தின் வர்க்கம் என்று போடும் வரைபடத்தில் கோடு ஆதிப்புள்ளியில், அதாவது சுழியில், வந்து முடிய வேண்டும். அவள் கோடு சுழியைத் தொடாமல் இடப்பக்கமாகத் தள்ளிப் போய் முடிந்தது. அவர் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து, ‘கோடு ஆதிப்புள்ளி வழியே செல்ல வேண்டும். மீண்டும் செய்க’ என்று எழுதினார். எழுதியதோடு விட்டாரா? வகுப்பின் முன்னால் நோட்டைத் தூக்கிக் காட்டி, “எங்க வீட்டுல மட்டும் பூமி கொஞ்சம் சோம்பேறியா இழுக்குது போல” என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள், “அப்பா, நூலுல மூணு சென்டிமீட்டர் எங்கயோ விட்டுப்போயிருக்கு. கோட்ட நீட்டிப் பாத்தா தெரியுது.”

“பதினேழு வருஷமா அந்த நூலுல யாருக்கும் விட்டுப்போகல. உனக்கு மட்டும் விட்டுப்போச்சா?”

“ஒரு தடவ அளந்துதான் பாத்துடுங்களேன்” என்றாள் அவர் மனைவி, “பிள்ள சும்மாவா சொல்லுவா?”

அவர் அளக்கவில்லை. வீம்பு என்று சொல்வதா, சோம்பல் என்று சொல்வதா? அட்டை இருக்கிறதே என்கிற தைரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் சிட்டு வேறு ரீடிங் எழுதி வந்தாள். ஐந்தும் ஒன்பது எட்டு. கோடு சுழியில் வந்து அழகாகப் படுத்திருந்தது. பழைய வரைபடத்தின் மேலேயே புதியதை ஒட்டச் சொல்லி, ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று சின்னதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், பள்ளி முடிந்ததும் கட்டட வரைபடம் வரைகிற படிப்பில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “அதுல எங்க கோடு போடணும்னு அவங்களே சொல்லிடுவாங்கப்பா” என்றாள். அப்போது அதை அவர் விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தார்.

புது டீச்சர் சொன்ன அந்த வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். மனைவி இருந்திருந்தால், தூசியைக் கிளப்பாதீர்கள் என்று ஒரு பாட்டம் திட்டியிருப்பாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. ரெக்கார்டு நோட்டு அடியில் கிடந்தது. ஒட்டிய தாளைப் பிரித்தால் கிழியும் என்று, அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் தாளின் கோட்டுக்குப் பின்னால் இன்னொரு கோடு மங்கலாகத் தெரிந்தது. அது சுழிக்கு இடப்பக்கம் போய், மிகச் சரியாக மூன்றாவது சென்டிமீட்டரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் முடிந்தது. பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதியதும் மங்கலாகத் தெரிந்தது. ‘3 செ.மீ. எங்கே?’

பதினேழு வயதுப் பிள்ளை, நூலைத் தொட்டு அளக்காமல், வெறும் கோட்டை நீட்டியே அவருடைய தவற்றைச் சென்டிமீட்டர் சுத்தமாகக் கண்டுபிடித்திருந்தாள். அவர் ஆசிரியராக இருந்த காலத்தில் அந்த அறையில் நடந்த ஒரே உண்மையான பரிசோதனை அதுதான். அதன் மேல் பசை தடவச் சொன்னவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

உடனே அவளுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் கூப்பிட்டால் அவள் பதறுவாளே என்று யோசித்தபடி, அவள் பெயருக்குக் கீழே இருந்த பழைய அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தார். எந்த ஞாயிறு, எத்தனை நிமிடம் பேசினோம் என்று கைப்பேசி தானாகவே குறித்து வைத்திருந்தது. நான்கு நிமிடம் பத்து நொடி. நான்கு நிமிடம் எட்டு நொடி. நான்கு நிமிடம் பதினொன்று. நான்கு பத்து. நான்கு ஒன்பது.

இதைவிட அழகாக இட்டுக்கட்டிய ரீடிங்கை அவர் எந்தப் பிள்ளையின் நோட்டிலும் பார்த்ததில்லை.

பேச்சு என்ன பேச்சு? சாப்டியாம்மா, சாப்டேன்பா. உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்குப்பா. மாப்பிள்ளை போன் பண்ணாரா, பண்ணார்பா, கப்பல் கரைக்கு வர இன்னும் நாளாகுமாம். வேலையெல்லாம், போகுதுப்பா. நீங்க மருந்து சாப்பிடுறீங்களா, சாப்பிடுறேன்மா. ஒவ்வொரு வாரமும் இதே வரிசை, இதே சொற்கள். கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி. அவர் ஒவ்வொரு வாரமும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மட்டும் நாற்பத்தேழு நொடி. அன்று என்ன பேசினார்கள்? அவள்தான் கூப்பிட்டாள், வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே. அப்பா என்றாள். சொல்லும்மா என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் வேலை, பிறகு பேசுறேன் என்று வைத்துவிட்டாள். அன்று ஏதோ அவசரம் போல என்று விட்டுவிட்டார். வரிசையில் சேராத ரீடிங்கைத் தள்ளிவிடுவதுதானே அவருக்குப் பழக்கம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யவில்லை. நோட்டையும் ஒரு மாற்றுச் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலை பேருந்தில் ஏறினார். ஐந்து மணி நேரப் பயணம். இந்த ஐந்து மணி நேரத்துக்குப் பயந்துகொண்டுதான், தேர்வு, திருத்தல் என்று காரணம் சொல்லி, ஒரு வருடமாக மகளை நேரில் பார்க்காமல் இருந்தார். வழியெல்லாம் ஒரே யோசனை. என்ன மறைக்கிறாள்? மாப்பிள்ளையோடு சண்டையா? வேலை போய்விட்டதா? எதுவாக இருந்தாலும் சரி, இந்த முறை அவள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும், குறுக்கே கோடு அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். அவள் உண்மையைச் சொல்வாளா என்பதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

“என்னப்பா, சொல்லாம கொள்ளாம? உடம்புக்கு ஏதாவதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள வரலாமா, இல்ல வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவியா?”

அவள் சிரித்து வழிவிட்டாள். சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. வரைபலகை, அதன் மேல் யாருடைய வீட்டுக்கோ போட்ட மாடிப்படி. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது எதுக்குப்பா?”

“உன் கோடு சரி. நூலுதான் தப்பு. மூணு சென்டிமீட்டர், நீ சொன்ன மாதிரியே. நான் சேர்க்க மறந்திருக்கேன். நீ பொறந்த அன்னிக்கு.”

அவள் நோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதச் சொல்றதுக்கா அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல வந்தீங்க?” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

“வகுப்புல உன்ன வச்சு எல்லாரையும் சிரிக்க வச்சேன். அது தப்பு. அம்மா அளந்து பாருங்கன்னு சொன்னா, பாக்கல. அதுவும் தப்பு.” சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒட்டிய தாளின் ஓரத்தில் ‘அடியில் இருப்பதே சரி’ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

“பதினாலு வருஷம் கழிச்சு மார்க்கா?” என்று அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“சிட்டு, ஞாயித்துக்கிழமையில நீ சொல்றதெல்லாம் ஒம்போது எட்டும்மா. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. நிஜ ரீடிங் என்ன?”

வெளியே யாரோ துணி உதறுகிற சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணுவதற்குள் பதிலைத் தானே சொல்லிவிடுகிற மனிதர், அன்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவள் எழுந்து, வரைபலகையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அதைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு ஒரு பேத்தி இருந்தாப்பா” என்றாள். “ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. ஒம்போது நாள் இருந்தா.”

அவர் பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

“எங்கிட்ட…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். முன்னாடி ஒண்ணு மூணாம் மாசமே கலைஞ்சப்ப உங்ககிட்ட போன்ல சொன்னேன்ல. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இருந்தது. தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னது. விடும்மா, இதெல்லாம் சகஜம், மறுபடியும் பாத்துக்கலாம்.

“அதே வார்த்தப்பா. நோட்டுல எழுதுவீங்களே, அதேதான்” என்றாள் சிட்டு. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலை என்றிருக்கும். “அதனால இந்தத் தடவ நல்லபடியா முடியட்டும், குழந்தையோட வந்து நிக்கலாம்னு நினைச்சேன். அவர் நடுக்கடல்ல இருந்தார், வர முடியல. வீடியோவுல பாத்தார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா கூட இருந்தாங்க.”

“நான் இருந்திருக்கணும்” என்றார்.

அவள் தாளை மேசையில் விரித்தாள். ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிற அதே கட்டம் போட்ட தாள். கீழே ஒன்று முதல் ஒன்பது வரை நாட்கள். பக்கவாட்டில் எடை, கிராமில். தினமும் காலையில் செவிலி எடை போட்டுச் சொன்னதை அவள் புள்ளி வைத்திருந்தாள். புள்ளிகள் பென்சிலில் இருந்தன. எதையும் அழித்த அடையாளம் இல்லை. கோடு இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாம் நாளில் மட்டும் தலை தூக்கி, பிறகு மறுபடியும் இறங்கியது.

“பொறந்த குழந்தைக்கு முதல்ல எடை குறையத்தான் செய்யும்னாங்க. ஆறாம் நாள் பதினஞ்சு கிராம் கூடியிருந்தா.” அவள் விரல் அந்தப் புள்ளியின் மேல் நின்றது. “அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உங்களுக்கு போன் பண்ணேன். நீங்க எடுத்து, சொல்லும்மான்னீங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம், ஒரு ரீடிங்க வச்சு சொல்லக் கூடாது, நாளைக்கும் கூடட்டும், ரெண்டு வந்ததும் சொல்லிக்கலாம்னு வச்சுட்டேன். மறுநாள் கூடல.”

நாற்பத்தேழு நொடி. வேலையாக இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்ட நாற்பத்தேழு நொடி. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியவர், விரலிடுக்கில் இன்னும் பேனா இருப்பதை அப்போதுதான் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“அத மூடி வச்சிடுங்கப்பா” என்றாள். “இத மீண்டும் செய்கன்னு சொல்ல முடியாது.”

அவர் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்த மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

“பேரு வச்சியாம்மா?”

“அம்மா பேரு” என்றாள்.

அதைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தாளைத் தன் பக்கம் நகர்த்தினார். முப்பத்தொரு வருடத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவர் உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

“ஒண்ணாம் நாள், ஆயிரத்து நூத்தி எம்பது.”

சிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள்.

“ரெண்டாம் நாள், ஆயிரத்து நூத்தி அம்பது.”

“சரி.”

“மூணாம் நாள், ஆயிரத்து நூத்தி இருவது.”

“சரி.”

“நாலாம் நாள், ஆயிரத்து நூத்திப் பத்து.”

“சரி.”

“அஞ்சாம் நாள், ஆயிரத்துத் தொண்ணூறு.”

“சரிப்பா.”

“ஆறாம் நாள், ஆயிரத்து நூத்தி அஞ்சு.” நிறுத்தி, அந்த எண்ணை மறுபடியும் முழுதாகச் சொன்னார்.

“சரி” என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாளின் ஓரத்தில் விழுந்தது. தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“ஏழாம் நாள், ஆயிரத்து எம்பது.”

“சரி.”

“எட்டாம் நாள், ஆயிரத்து நாப்பது.”

“சரி.”

“ஒம்போதாம் நாள், ஆயிரத்துப் பத்து.”

அவர் காத்திருந்தார். சிட்டு அந்தப் புள்ளியையும், அதற்கு வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்த கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ‘சரி’ சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போவதற்கான மதியப் பேருந்து எப்போதோ போயிருந்தது.